ஒரு சின்ன ஸ்பிரிங் அதிகம்

கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பவர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு. தெருமுனைவரை போய்விட்டு, திரும்பி வந்து மறுபடி இழுப்பவர் என் அண்ணன். ஏன் என்று கேட்டால், பூட்டு செய்தவன் உள்ளே என்ன வைத்திருக்கிறானோ என்பார். தன் கை சரியாகப் பூட்டியதா என்ற கேள்வி மட்டும் அவருக்கு வந்ததே இல்லை.

பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பார், பிறகு அந்தத் தேதியை அச்சடித்தவனைச் சந்தேகப்படுவார். ரத்த அழுத்தம் பார்க்கப் போனால், இந்தக் கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று கேட்டு, அழுத்தத்தை டாக்டருக்கு ஏற்றிவிட்டு வருவார். பந்தயக் கார்களுக்கு இன்ஜின் கட்டுவது அவர் தொழில். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு டார்ச் இருக்கும். எந்தத் துளையைக் கண்டாலும் அதை அடித்து உள்ளே பார்ப்பார். அதனால் தொழில் வட்டாரத்தில் அவருக்கு டார்ச் என்றே பெயர். அப்படி ஒரு பட்டப்பெயர் இருப்பது அவருக்கும் தெரியும். யார் வைத்தது என்பதில்தான் இன்னும் சந்தேகம்.

அவருடைய பட்டறையின் முன்னறையைப் பார்த்துக்கொள்வது நான். ஒரு மேசை, ஒரு போன், பார்சல் வைக்க ஒரு அலமாரி, வாடிக்கையாளர் உட்கார இரண்டு நாற்காலி. அதில் ஒன்று ஆடும், அதிகம் பேசுகிறவர்களுக்கு அதைத்தான் போடுவேன். பின்னால் நீளமான கொட்டகை. நடுவில் தகரம் அடித்த பெரிய மேசை ஒன்று உண்டு. புதிதாக எந்தப் பொருள் வந்தாலும் முதலில் அதன்மேல்தான் போகும். விசாரணை மேசை என்று அதற்கு நான் பேர் வைத்தேன். பெட்டியை அண்ணன்தான் பிரிக்க வேண்டும், வேறு யாரும் ஒட்டுத்தாளைக்கூடக் கிள்ளக் கூடாது. பெட்டிமேல் அச்சடித்திருப்பதெல்லாம் அவரைப் பொறுத்தவரை வெறும் வாக்குமூலம். அளந்து பார்த்த பிறகுதான் பொருளுக்கு ஜாமீன் கிடைக்கும்.

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு காரணம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரைப் பைத்தியம் என்று நினைப்பீர்கள். ஒரு காலத்தில் இந்தப் பட்டறை இரண்டு பேருக்குச் சொந்தம். இன்னொருவர் அண்ணனுடைய கூட்டாளி. பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகச் சுற்றியவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அந்த நாளில் இவர்கள் கட்டிய காரை ஓட்டியது என் அண்ணியின் தம்பி. ஒரு போட்டியில் இன்ஜின் நடுவழியில் உடைந்தது. வால்வின் தலை முறிந்து பிஸ்டனுக்கு மேலே சிக்கி, இன்ஜின் அப்படியே இறுகிப் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. கார் தடுப்புச் சுவரில் போய் மோதியது. அண்ணியின் தம்பி பிழைத்தார். ஆனால் இன்றைக்கும் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார்.

அந்த வால்வுகளை வாங்கி வந்தது கூட்டாளி. மட்டமான சரக்கை நல்ல சரக்கென்று தலையில் கட்டிவிட்டான் என்று அண்ணன் சொன்னார். கூட்டாளி ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. தன் கருவிகளைப் பொறுக்கிக் காரில் போட்டுக்கொண்டு போனார். நகரின் மறுகோடியில் தனியாகப் பட்டறை போட்டு, சிலிண்டர் ஹெட் மட்டும் செய்து விற்க ஆரம்பித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் பேரே கிடையாது. 'அவன்' என்றால் அவர்தான்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். எங்கள் வீட்டுப் பூனை என்ன செய்தது தெரியுமா? அண்ணனின் மகள், என் மருமகள், தாய்மாமன் விட்ட இடத்தில் தொடங்கினாள். கார் ஓட்டுவேன் என்று நின்றாள். அழுதும் பார்த்தோம், மிரட்டியும் பார்த்தோம். பிடிவாதத்தில் அவள் எங்கள் வம்சம். கடைசியில் அண்ணி ஒரு நிபந்தனை போட்டார். அவர் மருத்துவமனையில் எலும்பு முறிவுப் பிரிவில் நர்ஸ், அதிகம் பேசமாட்டார்.

"நீங்க உங்க கையால மூடின இன்ஜின்லதான் அவ ஏறணும். வேற யார் கையும் அதுல படக்கூடாது" என்று அண்ணனிடம் சொன்னார்.

அண்ணன் சரி என்றார். ஒவ்வொரு போட்டிக்கும் கார் கிளம்பும் முன் அண்ணி வந்து, "நீங்கதான மூடினீங்க?" என்று கேட்பார். "நான்தான்" என்பார் அண்ணன். அந்த ஒரு பதிலைக் கேட்ட பிறகுதான் அண்ணி ஹெல்மெட்டை மகள் கையில் கொடுப்பார். எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் முழுதாக நம்பியது அந்த ஒரு விஷயத்தில்தான்.

இந்த வருடம் மலைப்பாதைப் போட்டியில் ஒரு படி மேலே உள்ள பிரிவில் ஓட்ட அவளுக்கு இடம் கிடைத்தது. ஒவ்வொரு காராகத் தனியாக மலையேற வேண்டும், யார் சீக்கிரம் உச்சிக்குப் போகிறார்களோ அவர்கள் ஜெயிப்பார்கள். வளைவுக்கு வளைவு, ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். எங்கள் காரில் பக்கத்துக்கு நாலாக எட்டு சிலிண்டர் இன்ஜின். கம்பெனி போட்ட ஹெட்டோடு அந்தப் பிரிவில் போனால் கடைசியாகத்தான் வரலாம் என்று அண்ணனே ஒப்புக்கொண்டார்.

சிலிண்டர் ஹெட் என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். இன்ஜினுக்கு மூக்கும் வாயும் அதுதான். காற்று அதன் வழியாக உள்ளே போகும், புகை அதன் வழியாக வெளியே வரும். போகிற வழியையும் வருகிற வழியையும் திறந்து மூடுகிற கதவுதான் வால்வு. அதை இழுத்து மூடுவது ஸ்பிரிங். கம்பெனிக்காரன் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மூக்கு வைத்து அனுப்புகிறான். அது போதாது என்பவர்கள் வெளியே வேறு ஹெட் வாங்கிப் பொருத்துகிறார்கள். அங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. விற்கிறவர்கள் ஆயிரம் பேர், சொல்கிறவை ஆயிரம் விதம்.

முதலில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். டை கட்டிய விற்பனைக்காரர் ஒரு ஜோடி ஹெட்டைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படிப் பளபளத்தது. காற்று இவ்வளவு போகும் என்று ஒரு பெரிய எண்ணைச் சொன்னார். வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போதா என்று கேட்டார் அண்ணன். ஆமாம் என்றார் அவர். பாதி திறப்பில் எவ்வளவு என்றார் அண்ணன். விற்பனைக்காரர் விலைப்புத்தகத்தைப் புரட்டினார். எந்த அளவு சிலிண்டர்மேல் வைத்துச் சோதித்தீர்கள் என்றார் அண்ணன். விற்பனைக்காரர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் எங்களை வாசல்வரை வழியனுப்பினார்.

காரில் வரும்போது அண்ணன் எனக்கு விளக்கினார். வால்வு முழுதாகத் திறந்திருப்பது கண் இமைக்கிற நேரம்தான். மற்ற நேரமெல்லாம் அது திறந்துகொண்டோ மூடிக்கொண்டோதான் இருக்கும். அதனால் பெரிய எண்ணைக் காட்டுகிறவன் எதையோ மறைக்கிறான். அதோடு அந்த ஹெட்டின் காற்று வழி பெரிய குகை மாதிரி இருந்தது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால்தானே தண்ணீர் தூரமாகப் பாய்கிறது? வழி அகலமானால் காற்று சோம்பேறியாகிவிடும். நேர்ரோட்டில் நூல் பிடித்தமாதிரி ஓடுகிறவனுக்கு அது சரி. வளைவில் வேகம் குறைத்துத் திரும்ப எடுக்கவேண்டிய மலைப்பாதைக்கு ஆகாது.

இரண்டாவதாக, போட்டியிலிருந்து ஓய்வு பெறுகிற ஒருவர் தன் ஹெட்டுகளை விற்பதாகச் சொன்னார். ஒரே ஒரு பருவம்தான் ஓடியது, குழந்தை மாதிரி வைத்திருந்தேன் என்றார். அண்ணன் டார்ச்சை அடித்தார். குழந்தைக்கு வயிற்றில் தையல் போட்ட தழும்பு இருந்தது. விரிசலைப் பற்றவைத்து, தேய்த்து, மேலே வர்ணம் பூசியிருந்தார்கள். அண்ணன் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டார். அந்த மனிதர் எங்களுக்குத் தேநீர் போட உள்ளே போனவர்தான், நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

இப்படியே நாட்கள் போயின. போட்டி நெருங்கியது. ஒருநாள் மருமகள் பட்டறைக்கு வந்து அப்பாவின் எதிரில் நின்றாள்.

"அவரோடத வாங்கி அளந்து பாருங்கப்பா. பொய்யா இருந்தா திருப்பி அனுப்பிடுங்க" என்றாள்.

'அவர்' யாரென்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் ஒரு திருகாணியை எடுத்துத் துடைத்தார், ஏற்கெனவே துடைத்த திருகாணி. பிறகு, "நீ பேசு. நான் பேச மாட்டேன்" என்று என்னிடம் சொன்னார்.

பேசினேன். கூட்டாளி குரலில் பெரிய மாற்றம் இல்லை. எந்தப் பாதை, எந்தப் பிரிவு, யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். பிறகு, அனுப்புகிறேன் தங்கச்சி என்றார். அவ்வளவுதான். சொன்ன நாளுக்கு முன்னாலேயே ஹெட்டுகள் வந்துவிட்டன.

சீக்கிரம் வந்ததே முதல் சந்தேகம். தயாராக வைத்திருந்தால் யாரோ வேண்டாமென்று திருப்பிய சரக்காக இருக்கும் என்றார் அண்ணன். பெட்டியைப் பிரித்தார். ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு ஸ்பிரிங் போட்டிருந்தது, பெரியது வெளியே, அதற்குள் சின்னது. அடியில் மெழுகுத் தாளில் சுற்றி உதிரியாகச் சில ஸ்பிரிங்குகள். யாரும் கேட்கவில்லை, விலையும் போடவில்லை. அது இரண்டாவது சந்தேகம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அண்ணன் பல்லோடு நாக்கையும் இழுத்துப் பார்க்கிற ஆள். எதற்கு இலவசம், எதை மறைக்க இலவசம் என்று மெழுகுத் தாளைப் பிரித்து, எண்ணிக்கூடப் பார்க்காமல் அவற்றை ஒரு தட்டில் தள்ளிவைத்தார்.

அடுத்து காற்று அளக்கும் பெட்டி. பழைய வாக்யூம் கிளீனர் மோட்டார்களை ஒன்றுசேர்த்து அண்ணனே செய்தது. அதை ஓட்டினால் எதிர்வீட்டு நாய் குரைக்கும், எதிர்வீட்டுக்காரரும் குரைப்பார். பாதி திறப்பில் கூட்டாளி எழுதி அனுப்பிய எண்ணைவிடக் கொஞ்சம் அதிகமாகவே காற்று போனது. குறைவாக இருந்திருந்தால் அண்ணன் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அதிகமாக இருந்ததும் முகம் சுருங்கிவிட்டது. சொன்னதற்கு மேல் கொடுக்கிற வியாபாரியை நீ பார்த்திருக்கிறாயா என்று என்னைக் கேட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. குறைத்தால் திருடன், கூட்டினால் மகா திருடன், மனிதன் எதைத்தான் செய்வான் என்று நானும் கேட்டேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் கூட்டாளியை நம்ப முடியவில்லை. மடியில் கனமில்லாதவர் அன்றைக்கு ஏன் வாயைத் திறக்காமல் போனார் என்று எனக்கும் ஒரு கேள்வி இருந்தது.

எவ்வளவு குடைந்தும் ஒரு குறையும் அகப்படவில்லை. காற்று வழி அளவாக இருந்தது, உள்ளறைகள் எல்லாம் ஒரே கொள்ளளவு. அளவெல்லாம் சரியாக வந்தால் எடுத்துக்கொள்ளத்தானே வேண்டும்? அண்ணன் அதையே தேர்ந்தெடுத்தார். மனமில்லாமல், வேறு வழியில்லாமல்.

பொருத்தும் வேலை தொடங்கியது. வால்வு கீழே இறங்கும்போது பிஸ்டன் மேலே வருமல்லவா, நடுவில் இடைவெளி போதுமா என்று பார்க்க வேண்டும். அதற்குக் குழந்தைகள் விளையாடுகிற களிமண்ணைப் பிஸ்டன்மேல் அப்பி, ஹெட்டை மாட்டிக் கையால் சுற்றிவிட்டு, கழற்றி, களிமண் எவ்வளவு நசுங்கியது என்று அளப்பார்கள். இரண்டு ஸ்பிரிங்கும் இருந்தால் சுற்றக் கனமாக இருக்கும். ஆகையால் அந்தச் சிலிண்டரில் மட்டும் இரண்டு வால்விலும் உள்ளே இருக்கிற சின்ன ஸ்பிரிங்குகளை எடுத்து, அந்த உதிரித் தட்டிலேயே போட்டுவைப்பார் அண்ணன். வழக்கமாக ஒரு சிலிண்டரில் பார்த்தால் போதும். இந்த முறை, ஒரு பல் நன்றாக இருந்தால் அடுத்த பல்லும் நன்றாக இருக்குமா என்று சொல்லி ஒவ்வொன்றாக எல்லாவற்றிலும் பார்த்தார். மாட்டுவதும் கழற்றுவதுமாக ஹெட் அலுத்துப்போயிருக்கும்.

கடைசி சிலிண்டரில் வேலை நடக்கும்போது வெளிக்கதவருகே ஒரு ஆள் நின்றான். அண்ணன் போட்டது போட்டபடி வெளியே போய்விட்டார். அவன் வழி கேட்க வந்தவன். எந்தத் தெருவுக்கு, யார் வீட்டுக்கு, எதற்கு என்று அண்ணன் குறுக்குவிசாரணை செய்ததில் அவன் போகிற இடத்தையே மறந்திருப்பான். கூட்டாளி அனுப்பிய ஆளாக இருக்கலாம் என்று முணுமுணுத்துக்கொண்டே அண்ணன் உள்ளே வந்து மிச்ச வேலையை முடித்தார். ஹெட்டைத் திருகாணி போட்டு முறுக்கினார், மேல்மூடிகளைப் போட்டு மூடினார்.

மறுநாள் இன்ஜினை உயிர்ப்பித்தோம். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. மருமகள் கைதட்டினாள். அண்ணன்கூடச் சிரித்தமாதிரி இருந்தது. மேசையைத் துடைக்கும்போதுதான் அவர் சிரிப்பு நின்றது. உதிரி ஸ்பிரிங் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஒரு பெருசு இருக்கு. சின்னது ரெண்டு இருக்கு. ஜோடியாத்தான வைப்பான்? எண்ணக்கூடத் தெரியாதவன் கையிலயா என் பொண்ணு உசுர குடுத்திருக்கேன்?" என்றார்.

போனைப் போடச் சொன்னார். தான் பேசமாட்டாராம், ஒலிபெருக்கியில் போட்டு நான் பேசவேண்டுமாம். இரண்டு பேர் குரலும் இரண்டு பேருக்கும் கேட்கிறது, நடுவில் நான் எதற்கு என்று தெரியவில்லை. எண்ணத் தெரியுமா என்று கேள் என்றார். கேட்டேன்.

"தங்கச்சி, ஒரு பெருசு, ஒரு சின்னது. நான்தான் சுத்தி வச்சேன்" என்றார் கூட்டாளி. "அவன் களிமண் வச்சுப் பாத்திருப்பான். மூடியத் திறந்து பாக்கச் சொல்லு. அதுக்கு முன்னால வண்டி கிளம்ப வேணாம்."

அண்ணன் கையை நீட்டிப் போனை அணைத்துவிட்டார். பார்த்தாயா, நாளைக்குப் போட்டி, இன்றைக்கு இன்ஜினைத் திறக்கச் சொல்கிறான் என்றார். கூட்டாளியிடம் ஹெட் வாங்கிய இன்னும் மூன்று பேர் அதே பிரிவில் ஓட்டுகிறார்கள். நம் காரைப் பிரிக்க வைத்துவிட்டால் யாருக்கு லாபம்? கேட்கும்போது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அன்றைக்கு எங்கள் இரண்டு பேர் கண்ணும் அப்படித்தான் இருந்தது.

மருமகள் கையைத் துடைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சின்ன ஸ்பிரிங் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். மெதுவாகப் போகும்போது ஒன்றும் ஆகாது, முழு வேகத்தில் வால்வு நேரத்துக்கு மூடாது, பிஸ்டன் வந்து முட்டும் என்றார் அண்ணன். பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார். அதன் பிறகு என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை. அவள் மாமா படியேறுவதைத் தினமும் பார்க்கிறவள்தானே.

அரை மணி நேரத்தில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கூட்டாளி இறங்கினார். தலை நரைத்திருந்தது, வயிறு கொஞ்சம் வந்திருந்தது. பட்டறைக்குள் கால் வைக்கவில்லை, வெளிக்கதவருகிலேயே நின்றார். அண்ணன் போய் வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"நான் உள்ள வரல, எதையும் தொடல. நீயே திறந்து பாருடா" என்றார் கூட்டாளி.

அண்ணன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்து, அவனைப் போகச் சொல் என்றார். அப்போது பின்னாலிருந்து மருமகள் வந்து ஸ்பேனரை அப்பாவிடம் நீட்டினாள்.

"கழட்டுங்கப்பா."

"நான் மூடின இன்ஜின். என்னை நம்பலையா நீ?"

"யாரையும் நம்பாதன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. உங்கள மட்டும் எப்படி விடுறது?"

அண்ணன் முகத்தில் அப்படி ஒரு அடி விழுந்ததை நான் பார்த்ததில்லை. ஸ்பேனரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கோபத்தில்தான் கழற்றினார், ஒவ்வொரு திருகாணியையும் தகர மேசைமேல் சத்தம் வரும்படி போட்டார். ஒருபக்க மூடி கழன்றது. குனிந்து டார்ச்சை அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். சரி, சரி என்று எங்களுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே வந்தார். மறுபக்க மூடி. சரி, சரி. கடைசி சிலிண்டரில் குரல் நின்றது.

வெளியிலிருந்து பார்த்தால் பெரிய ஸ்பிரிங் மட்டும்தான் தெரியும். வெளிச்சத்தைச் சாய்த்து அடித்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். அங்கே ஒன்றும் இல்லை. டார்ச் வெளிச்சம் ஸ்பிரிங்கின் உள்ளே புகுந்து மறுபக்கம் வந்தது.

அந்த மலைப்பாதையின் பள்ளம்தான் கண்ணுக்குள் வந்தது. மருமகள் காரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சூரப்புலி, அவளும் வெளுத்துப்போயிருந்தாள். வழி கேட்க வந்தவனும், போட்டது போட்டபடி அண்ணன் எழுந்து போனதும் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எடுத்துவைத்த சின்ன ஸ்பிரிங்குகளில் ஒன்று திரும்பி உள்ளே போயிருக்கிறது. மற்றது தட்டிலேயே தங்கிவிட்டது. அதிகமாக இருந்ததைப் பார்த்தும் அண்ணனுக்கு அடுத்தவன் கணக்கில்தான் தப்புத் தெரிந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா?

அண்ணன் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். தலை நிமிராமல், வெளிக்கதவுப் பக்கமாகப் பேசினார். என் மூலமாக இல்லாமல் அவரிடமே பேசினார்.

"அந்தப் பழைய இன்ஜினையும் கடைசியா மூடினது நான்தான்."

"தெரியும்" என்றார் கூட்டாளி.

"அப்ப ஏன்டா ஒண்ணும் சொல்லாமப் போன?"

"வால்வு வாங்கினது நான். எதனால உடைஞ்சதுன்னு எனக்கும் உறுதியாத் தெரியல. தெரியாம எப்படிடா உன் மேல பழியப் போடுறது?"

அண்ணன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்பா இறந்தபோதுகூட மருத்துவச் சான்றிதழைச் சரிபார்த்துக்கொண்டிருந்த மனிதர். நான் பக்கத்தில் போகவில்லை. எனக்கும் அழுகை வந்தது, ஆனால் கொஞ்சம் கோபமும் இருந்தது. இத்தனை வருடம் ஒரு மனிதரை 'அவன்' என்றே சொல்லி வளர்ந்த வீடு இது, நானும் கூடச் சேர்ந்து சொன்னவள்தான்.

பிறகு அண்ணன் எழுந்து வெளிக்கதவுவரை போனார். கையிலிருந்த டார்ச்சைக் கூட்டாளியிடம் நீட்டினார். அந்த டார்ச்சை வேறொருவர் கையில் நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

"மத்ததெல்லாம் நீ பாரு" என்றார்.

விடுபட்ட ஸ்பிரிங்கைக் கூட்டாளியே போட்டார். பிறகு இன்ஜின் முழுவதையும் பார்த்தார். அண்ணன் எட்டி நின்றார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்தப்படுவதைப் பார்க்கிற பையன்போல. கடைசியில் கூட்டாளி நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் சரியா இருக்குடா. ஒரு குறையும் இல்ல."

அண்ணன் யோசித்தார். "ஒரு குறையும் இல்லையா? அப்ப நீ சரியாப் பாக்கல. இன்னொரு தடவ பாரு" என்றார்.

கூட்டாளி மறுபடி குனிந்தார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தேன், சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை மலையடிவாரத்தில் கார்கள் வரிசையாக நின்றன. அண்ணி வேலை முடிந்து நேராக வந்திருந்தார், நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றவில்லை. எங்கள் காருக்குப் பக்கத்தில் கூட்டாளி நிற்பதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். பிறகு அண்ணனிடம் வந்து, வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"நீங்கதான மூடினீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம், மலையடிவாரத்தில் வைத்தா இதைச் சொல்வது என்று நினைத்திருப்பேன்.

"இல்ல. நான் மூடினதுல ஒரு ஸ்பிரிங் விட்டுப்போச்சு" என்றார் அண்ணன். "இவன்தான் திறக்க வச்சான். போட்டதும் இவன்தான், மூடினதும் இவன்தான்."

ஹெல்மெட் அண்ணி கையில் இருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். எங்களுக்கு முன்னால் நின்ற கார் கிளம்பிப் போய்விட்டது, கொடி வைத்திருந்தவர் எங்களைப் பார்த்துக் கை காட்டினார். இன்றைக்கு இவள் ஓடமாட்டாள் என்றே நினைத்தேன். ஓட வேண்டாம் என்றுகூட நினைத்தேன்.

அண்ணி மெதுவாகக் கூட்டாளி பக்கம் திரும்பினார்.

"அண்ணா, நீங்க பாத்தீங்களா?"

எங்கள் வீட்டிலிருந்து அவர் அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். கூட்டாளி கனைத்துவிட்டுத்தான் பேசினார்.

"பாத்தேம்மா. ரெண்டு தடவ பாத்தேன். ஒரு தடவையோட உன் வீட்டுக்காரன் விடல."

அண்ணி தன் கணவரை ஒருமுறை பார்த்தார். பிறகு ஹெல்மெட்டை மகள் கையில் கொடுத்தார்.